லோரீன் வாய் திறக்காத கோடை

"இன்னும் பெருசா திற. ஆங், அப்படியே," என்று சொல்லிவிட்டு லோரீன் டைக்ஹவுஸ் கொக்கியை கர்ட்டின் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விடுகிறார். சுரண்டல் சத்தத்தோடு கேள்வியும் வருகிறது. "புதுக் கார்வெட்டுக்குப் பின் விளக்கு வட்டமாத்தான் இருக்கணும்னு சனிக்கிழமை முழங்கினியே? ஏன், சதுரமா இருந்தா பிரேக் போட்டது தெரியாதா?"

கர்ட் "ஆ... கா..." என்கிறார்.

"பாத்தியா, உன்கிட்ட பதிலே இல்ல."

லோரீனுக்கு வயது அறுபத்தொன்று. மிச்சிகனில், லேன்சிங்குக்கு மேற்கே ஒரு சின்ன ஊரின் பல் மருத்துவமனையில் முப்பத்தெட்டு வருடமாகப் பல் சுத்தம் செய்கிறார். எதிராளி பேச முடியாத நிலையில் விவாதம் செய்ய உலகத்தில் இதைவிடத் தோதான வேலை கிடையாது. கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் அடுத்த வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் அவர் இதுவரை யாரிடமும் தோற்றதில்லை.

சொந்தமாக எண்பத்தொன்றாம் வருட மஞ்சள் கார்வெட் ஒன்று வைத்திருக்கிறார். மழை பெய்தால் கூரை ஒழுகும். பயணிகள் இருக்கையில் எப்போதும் ஒரு குளியல் துண்டு கிடக்கும். உட்கார வருபவரிடம், "அது உனக்கில்ல, வண்டிக்கு," என்று துண்டை எடுத்துக்கொள்வார்.

சனிக்கிழமை காலைகளில் கர்ட்டின் இரும்புச் சாமான் கடைக்கு முன்னால் கார்வெட்காரர்கள் கூடுவார்கள். மடக்கு நாற்காலிகள், டோனட், காப்பி. லோரீன் கைப்பையைத் திறந்து, ஈரத்தாளில் சுற்றிய ஒன்றைக் கர்ட்டின் பிக்அப் வண்டியின் முகப்பில் வைப்பார். பல்செட்டுக்கு அளவெடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகில் செய்த கார்வெட். வாரத்துக்கு ஒன்று. நீண்ட மூக்கு, குறுகிய இடுப்பு, நடுவில் முதுகெலும்பு போல ஒரு பட்டை ஓடும் பின் கண்ணாடி. பதினோரு மணி வெயிலில் மூக்கு தொங்கிவிடும்.

"என்ஜின மறுபடி முன்னாடி கொண்டு வரணும்," என்பார். "பின்னாடி வச்சதுல, இப்ப இருக்கறது தவளை."

"தவளைதான் பந்தயத்துல ஜெயிக்குது," என்பார் கர்ட்.

"ஜெயிக்கட்டும். தவளைய வாசல்ல நிறுத்தி எவன் அழகு பாப்பான்?"

கர்ட்டுக்கு வட்ட விளக்கு. வேறொருவருக்கு, நிமிர்த்தினால் விழிக்கும் முகப்பு விளக்கு. இன்னொருவருக்கு இரண்டு கோல்ஃப் பை போகிற டிக்கி. வெர்ன் ஓஸ்டிங் மட்டும் பட்டியல் போட மாட்டார். எழுபத்தெட்டு வயது. அச்சு வார்ப்புப் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், காலடியில் சிலிண்டர். அவருடைய ஆசை ஒன்றுதான். இப்போதைய கார்வெட்டில் கிளட்ச் கிடையாது; கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். புதியதில் கிளட்ச் வேண்டும்.

"ஆண்டவன் ரெண்டு காலு குடுத்திருக்கான். இடது கால் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் ஒரு வேலை வேணாமா?"

அவரைக் கூட்டி வருவது மகள் ஹைடி. இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் பொறியாளர். அதிகம் பேச மாட்டாள். "அப்பா, மெஷின் மாத்தினா மனுஷன விட வேகம். நான் அளந்திருக்கேன்."

"அவ்வளவு வேகமா நான் எங்கம்மா போகணும்?"

இந்தப் பக்கத்துச் சாலைகளில், கார் நிறுவனத்தார் வெளிவராத வண்டிகளைக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டி, உருவம் தெரியாமல் மறைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் மருத்துவமனை ஜன்னலில் அப்படி ஒன்று லோரீன் கண்ணில் பட்டது. நோயாளியிடம் "மூடாதீங்க, இதோ வரேன்," என்று கையுறையோடு ஓடினார். மஞ்சள் வண்டியில் துரத்தி, அது நின்ற இடத்தில் தரையில் படுத்து அடிப்பாகத்தைப் படம் எடுத்தார். எழுந்து பார்த்தால் எதிரே ஒரு பெண், கையில் நனைந்த நாய். அது நாய் குளிப்பாட்டும் கடையின் வண்டி; புள்ளி நாயைப் போல வேஷம் கட்டியிருந்தது. அந்தப் படங்களை லோரீனே எல்லோருக்கும் அனுப்பினார். "சைலன்ஸர் மட்டும் நல்லா இருந்துச்சுப்பா. அதுல குறை சொல்ல மாட்டேன்."

இப்படி எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்கிற மனுஷிக்கு, போன மே மாதம், டோனட்டும் கையுமாக இருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கை ஒட்டுகிறதென்று ஸ்பீக்கரில் போட்டார். கார்வெட் செய்யும் நிறுவனத்தார் புதிய வண்டியின் மாதிரியைச் சில வாடிக்கையாளர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்கப் போகிறார்கள். அவர் வர முடியுமா? வாகன நிறுத்தம் முழுவதும் கேட்டது. லோரீன் டோனட்டைக் கர்ட்டின் சட்டைப் பையில் செருகிவிட்டு, "முடியும், முடியும், இப்பவே முடியும்," என்றார்.

போய் வந்தார். அங்கே கைபேசியின் கேமராக் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டினார்களாம். பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கையெழுத்து வாங்கினார்களாம். அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஊர் கலங்கியது. மருத்துவமனையில் பல் சுத்தம் மௌனமாக நடந்தது. இரண்டு பேர் பயந்துபோய், "என்கிட்ட ஏதாவது மோசமா இருக்கா, லோரீன்? மறைக்காம சொல்லுங்க," என்றார்கள்.

கர்ட் நாற்காலியில் சாய்ந்து, கொக்கி வருவதற்குள், "வட்டமா?" என்று கேட்டு அவர் புருவத்தைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை லோரீன் முகக்கவசமும், தெறிப்பைத் தடுக்கும் பெரிய கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வாகன நிறுத்தத்துக்கு வந்தார். டோனட்டைக் கவசத்துக்கு அடியில் நுழைத்துத் தின்றார்.

"என்னம்மா இது, ஆபரேஷனா?" என்றார் கர்ட்.

"உனக்குத்தான். முதல்ல நாக்க எடுக்கப் போறேன்."

மெழுகுக் கார் செய்வதையும் நிறுத்திவிட்டார். யாரோ ஒரு கட்டி மெழுகைக் கையில் திணித்தபோது, நெருப்பைத் தொட்டது போல உதறினார். "விரலுக்கு ரகசியம் தெரியாதுப்பா. அது பாட்டுக்குச் செஞ்சிரும்."

"எங்ககிட்ட மட்டும் சொல்லு. வெளிய போகாது."

"இந்த ஊரு வாய் மொத்தத்துக்குள்ளயும் பாத்தவ நான். யாருக்கு எது பொய்ப்பல்லுன்னு ஒருத்தன்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? ஏன் கர்ட், உனக்குக் கூட மேல..."

"ஐயோ தாயே, சொல்லிடாத!"

"அப்ப கேக்காத."

ஜூலையில் வெர்னுக்கு இரண்டாவது சிலிண்டர் சேர்ந்தது. லோரீன் ஹைடியைத் தனியாக இழுத்துக் கேட்டார்.

"எவ்வளவு நாள்?"

"இலை உதிர்றதுக்குள்ள."

லோரீன் பெரிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. புதிய வண்டி கடைக்கு வர இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கர்ட் கூடக் கேலியை விட்டார். "வெர்ன்கிட்ட மட்டும் சொல்லிடு, லோரீன். ஒரே ஒரு விஷயம். இருக்கு, இல்ல, அவ்வளவுதான். எந்தக் கோர்ட்டு கேக்கப் போகுது?"

"கோர்ட்டு யாருக்கு வேணும்? வாக்கு குடுத்தது நான்." குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. "சொல்லலன்னா பாவி. சொன்னா வாக்கு தவறினவ. எந்தப் பக்கம் திரும்பினாலும் உதை எனக்குத்தான்."

வெர்னுக்குக் காது நன்றாகக் கேட்கும். நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கினார்.

"ஏ பொண்ணே! நீ சொல்லாத. என் வாயிலயும் பொய்ப்பல்லு நாலு இருக்கு. உன்ன நம்பித்தான் இருக்கு."

"அஞ்சு," என்றார் லோரீன்.

"பாத்தீங்களா! ஆரம்பிச்சுட்டா!" வெர்னுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி அடங்க நேரமானது. ஹைடி பின்னால் நின்று குழாயைச் சரிசெய்தாள்.

இலைகள் நிறம் மாறத் தொடங்கியபோது வெர்ன் இல்லை. லோரீன் இன்றுவரை புதிய வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நோயாளிகளிடம் மறுபடி பேசுகிறார். பழைய வண்டிகளைப் பற்றி. தேவாலயத்தில், வெர்னின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகூட, இறுதிச் சடங்கு நடத்துபவரிடம் வெர்னின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொன்னாரே தவிர, வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை ஒன்று நடந்தது. அதைப் பார்த்தவள் ஹைடி மட்டும்தான்.

அன்று கர்ட் புது வாணலி ஒன்றைச் சோதிப்பதாகச் சொல்லிக் கடை வாசலில் தொத்திறைச்சி வறுத்தார். கூட்டம் முழுக்கப் புகையைச் சுற்றி நின்று அவருக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தது. வெர்ன் தனியாக, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லோரீன் தன் நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு வலப்பக்கம் போட்டார். காரில் ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே இருக்கிற அளவு இடைவெளி விட்டு, கொஞ்சம் முன்னால் தள்ளி. பிறகு யோசித்து, எழுந்து, நாற்காலியைத் தூக்கி வெர்னின் இடப்பக்கம், அந்த நாட்டுக் கார்களில் ஓட்டுநர் உட்காரும் பக்கம், போட்டு உட்கார்ந்தார்.

"என்னம்மா, வெயிலா?" என்றார் வெர்ன்.

லோரீன் முகக்கவசத்தை மூக்கு வரை ஏற்றிவிட்டுக்கொண்டார். கண் சாலையில் இருந்தது. இடது கை நெஞ்சுக்கு முன்னால் எழுந்து எதையோ லேசாகப் பிடித்தது. வலது கை தொடையோரம் இறங்கி, ஒரு பந்தைப் பொத்துவது போல மூடியது.

பிறகு அவருடைய இடது கால், வெள்ளை மருத்துவமனைச் செருப்போடு, தார்த் தரையின் மேல் முன்னே நகர்ந்து மெதுவாக அழுந்தியது. கடைசி வரை அழுந்தியது. வலது முஷ்டி முன்னால் போனது. கால் பொறுமையாக, வண்டி பிடிக்கும் இடத்தை உணர்ந்தது போல நடுவில் ஒரு கணம் நின்று, மேலே வந்தது.

வெர்ன் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

மறுபடி கால் அழுந்தியது. முஷ்டி பின்னால் வந்தது. இரண்டாவது கியர்.

ஹைடி சிலிண்டரின் திருகில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. இருமல் என்று நினைத்துக் குனிந்தாள், இருமல் இல்லை. அவருடைய இடது கால் போர்வைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. வீட்டுச் செருப்பு தரையைத் தடவி, தன் இடத்தைத் தேடிக்கொண்டது.

மூன்றாவது கியரை இருவரும் சேர்ந்தே மாற்றினார்கள்.