பழைய நிவாரண அட்டையின் இலக்கம்

பெயர் எழுதாமல் விட்டது என் புத்தி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அப்போது நான் கிளிநொச்சியில் தொழுநோயாளரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதார ஊழியன். நோய்க்கான குளிசை மாத்திரைகளைப் போட்டு முடித்த ஏழு பேரிடம் சில மாத இடைவெளியில் இரண்டு தடவை இரத்தம் எடுத்து, வவுனியா ஊடாகக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்தக் கிருமிக்கு எதிராக இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப்பொருள் குறைந்தால் நல்லது. கூடினால் நோய் திரும்பவும் தலைதூக்குகிறதோ என்று பார்க்க வேண்டும். தோலில் ஒன்றும் தெரியமுன்னமே இரத்தம் காட்டிக்கொடுக்கும் என்றதில் எனக்குப் பெரிய புளுகமும் பெருமையும்.

ஏழு பேரில் ஒருவர் மலைநாட்டிலிருந்து வந்து, வயலில் கூலி வேலை செய்த ஓர் அக்கா.

"பேரை மட்டும் எழுதிப்போடாதேங்கோ ஐயா. மகளுக்குச் சம்பந்தம் பேசிறம். வழியிலை ஆரும் வாசிச்சு ஊருக்குள்ளை கதை வந்தால் அவளின்ரை வாழ்க்கை போச்சு."

குழாய்களில் பெயருக்குப் பதிலாக அவரவர் நிவாரண அட்டையின் இலக்கத்தை எழுதினேன். என் கொப்பியிலும் அதுதான். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டுத்தான் மாவும் சீனியும் நிறுப்பார்கள். யாருக்கு மறக்கும்? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்து கிளிநொச்சியே எழும்பி ஓடியது. போய்ச் சேர்ந்த மல்லாவியில் கிராம அலுவலரான விதானையார் பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டு புதியவை கொடுத்தார். இரண்டாவது இரத்தத்தின் முடிவு அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆறு இலக்கங்களுக்குக் குறைந்திருந்தது. ஒன்றுக்குக் கூடியிருந்தது.

சைக்கிளில் கொட்டில் கொட்டிலாகத் தேடினேன். ஐந்து பேர் தங்கள் பழைய இலக்கத்தைச் சட்டென்று சொன்னார்கள். கூடியது அவர்களுடையதல்ல. ஆறாமவர் இடம்பெயர்ந்த வழியில் காய்ச்சலில் செத்துப்போன ஒரு முதியவர். மிஞ்சியது அந்த அக்கா. அவருடைய கொட்டில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மறந்துபோச்சு ஐயா," என்றார், என் முகத்தைப் பாராமல். "அந்தச் செத்த மனிசன்ரையாத்தான் இருக்கும்."

தோலைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்ப இரத்தம் எடுத்தனுப்பப் பாதையும் இல்லை, ஐஸும் இல்லை. எதற்கும் குளிசையைத் தொடங்குவோம் என்றேன்.

"அது முகத்தைக் கறுப்பாக்குமெல்லே. சம்பந்திப் பகுதி கண்டுபிடிச்சிடும். எனக்கு ஒண்டுமில்லை, போங்கோ."

போனேன். இலக்கத்தைச் செத்தவரின் தலையில் கட்டிவிடுவது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. என்னிடம் ஒருவருக்குப் போதுமான குளிசைதான் இருந்தது. அடுத்த கிழமையே அதைப் புது நோயாளி ஒருவருக்குத் தொடங்கிவிட்டேன்.

மழைக்காலம் முடிய அக்கா கிளினிக்குக்கு வந்தார். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். வெளியே எடுத்தபோது சின்ன விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கியிருந்தன. நான் கேட்காமலே, சங்கக்கடையில் சொல்வதுபோல் அந்தப் பழைய இலக்கத்தைச் சொன்னார்.

"அப்ப தெரியும்தானே அக்கா?"

"ஓம் ஐயா. அவள் கலியாணம் கட்டிப் போயிட்டாள். இனி முகம் கறுத்தாலென்ன. குளிசையைத் தாங்கோ."

அலுமாரியைத் திறந்தேன். வெறும் தட்டு என்று எனக்குத் தெரியும். அவர் மற்றக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.