பஸ் நேரத்துக்கு வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சப்பாத்துக் கட்டக் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவர் தேவைப்படுகிற வயதில், எழுத்தாளனாகிவிடலாம் என்று நம்பி, ஒஸ்லோவில் படைப்பெழுத்துச் சான்றிதழ் வகுப்பொன்றில் சேர்ந்தேன். அதுவும் நோர்வேஜிய மொழியில். அந்த மொழியில் பல்வலியைத் தெளிவாக விளக்குவேன். அதற்கு மேற்பட்ட துயரங்களுக்குக் கைகளின் உதவி வேண்டும்.

வாரத்தில் ஒரு மாலை வட்டமாக உட்காருவோம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டி ‘பீன்ற்’ என்பார்கள். நல்லது என்று அர்த்தம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் தன் நாய் பனியில் நடந்ததை வாசித்தார். பீன்ற். நான் போரையும் காதலையும் நிலவையும் ஒரே பக்கத்தில் அழவைத்து வாசித்தேன். அதே பீன்ற்.

எனக்கு இது பிடிபடவில்லை. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற லோறென்ஸ்கூக்கில் எங்கள் ஆட்கள் நாடகம் போட்டால், முதல் காட்சி முடியுமுன்னே “உதென்னடாப்பா கூத்து?” என்று முன்வரிசையிலிருந்து குரல் வரும். வந்தால்தான் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புவோம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“எல்லாரும் நல்லம் எண்டவையோ?”

“ஓம்.”

“ஒராளும் குறை சொல்லேல்லை?”

“இல்லையப்பா.”

வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப என்னவோ இருக்கு. கவனமா இருங்கோ.”

கவனமாக இருந்தேன். பருவ முடிவில் ஒரேயொரு படைப்பைக் கொடுக்க வேண்டும். வெளியாள் ஒருவர் வாசித்துத்தான் சான்றிதழ். நானோ வாய் பொறுக்காமல் லோறென்ஸ்கூக்கில் பாதிப் பேருக்கு எழுத்தாளனாக அறிமுகமாகியிருந்தேன். எனக்கு எழுத வருகிறதா, அல்லது இந்த மனிதர்கள் அகதிக்கு இரங்குகிறார்களா என்பது உடனே தெரிந்தாக வேண்டும்.

ஆகவே ஒரு பொறி வைத்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு குப்பையை எழுதினேன். காலையில் ஒருவன் பஸ் ஏறுகிறான். பஸ் நேரத்துக்கு வருகிறது. பக்கத்து இருக்கையில் பையை வைக்கிறான். யாராவது எடுக்கச் சொல்வார்கள் என்று காத்திருக்கிறான். பஸ் நிரம்புகிறது, பலர் நின்றபடி வருகிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. இறங்குகிறான். அவ்வளவுதான். நிலவு கிடையாது.

வாசித்து முடித்ததும் ‘பீன்ற்’ வரவில்லை. நாய்க்காரத் தாதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னொரு தடவை வாசிக்கிறீர்களா?” என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

அகப்பட்டார்கள்! குப்பைக்கே இந்த மரியாதை என்றால், எல்லாம் இரக்கம்தான்.

ஆனாலும் ஒரு சாட்சி வேண்டுமே. வகுப்பில் எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருத்தி இருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், பல்கலைக்கழக மாணவி. அவளும் எல்லாருடனும் சேர்ந்து தலையாட்டுகிறவள்தான். ஆனால் தமிழில் கேட்டால் பொய் சொல்ல வராது என்பது என் கணிப்பு. வகுப்பு விட்டதும் டிராம் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன்.

“பிள்ளை, உண்மையைச் சொல்லும். இவையள் என்னைப் பாவம் பாத்தோ நல்லம் எண்டு சொல்லீனம்?”

காதிலிருந்து பாட்டுக் கேட்கிற குமிழ் ஒன்றைக் கழற்றினாள். “எந்தக் கதைக்கு?”

“எல்லாத்துக்கும்தான். அந்தப் பஸ் குப்பைக்கும் அழுகினம். அது நான் சும்மா பகிடிக்கு எழுதினது. கடைசிக்கு நான் நிலவுக் கதையைத்தான் குடுக்கப்போறன். அது வடிவா வந்திருக்குத்தானே?”

டிராம் வந்து நின்றது. அவள் ஏறினாள். கதவுக்குள் நின்றபடி திரும்பினாள்.

“நிலவு சரியான அலுப்பு, பஸ்ஸைக் குடுங்கோ அங்கிள்.”