வலிக்காத வெடிப்பு

மார்கழிக் குளிரில் என் இடது குதிகால் வெடித்தது. ஒரகடம் ஆலையில் ரப்பர் ஒட்டும் பசையை அந்தப் பித்தவெடிப்பில் நிரப்பி, மேலே இரும்புமுனை ஷூவை மாட்டினேன். வலியே இல்லை. புது வைத்தியம் கண்டுபிடித்ததாக ஷிப்ட் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அறையில் சாக்ஸைக் கழற்றியதும், உடன் தங்கியிருந்த திருநெல்வேலிக்காரன் முருகன் அலறினான்.

"அண்ணாச்சி, சாக்ஸோட பெருவிரல் நகமும் வந்துட்டு! வலிக்கலையா?"

"நம்ம வைத்தியம் அப்படி!"

அவன் சிரிக்கவில்லை. ஊக்கு ஒன்றை எடுத்து என் பாதத்தருகே குனிந்தான்.

"தைரியமா குத்துப்பா" என்றேன்.

"குத்தியாச்சு அண்ணாச்சி. எங்க ஐயாவுக்கும் சுகர் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில காலை எடுத்துட்டாவ."

மறுநாள் ரத்தப் பரிசோதனையும் அவன் பக்கமே பேசியது.

இப்போதெல்லாம் மார்கழி வந்தால் கண்ணாடியைப் பாதத்துக்கடியில் பிடித்துப் பார்க்கிறேன். வலது குதிகால் எரிகிறது. இடதுகால் வெடித்தும் இன்னும் வாய் திறக்கவில்லை.