காமாலை மாடு

ரெட்டிபாளையத்தில் எங்கள் தெரு மாடுகள் எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஊசி குத்தி, கால்நடை டாக்டர் ஒருவர் இரத்தம் எடுத்துப் போனார். ஆராய்ச்சியாம். மற்றவர்கள் அத்தோடு மறந்துவிட்டார்கள். நான்தான் பெரிய மேதாவி போல, முடிவைப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லி நம்பர் கொடுத்தேன். வீட்டுக்காரருக்குச் சிமெண்ட் ஆலை வேலை போன பிறகு அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

டாக்டர் கூப்பிட்டபோது டீக்கடையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க மாட்டு ரத்தத்துல ஒரு வைரஸ் இருக்கும்மா. மனுசனுக்கு ஈரல் கெட்டுக் காமாலை வருதே, அந்தக் கிருமிக்குச் சொந்தம். அதுலயும் இந்தப் பக்கம் பாக்காத புது வகை!"

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மனிதருக்குத் தொற்றாது, பாலுக்குப் பயமில்லை, மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது என்று அடுத்துச் சொன்னதை டீ குடிக்க வந்தவர்கள் காதில் வாங்கவில்லை. காமாலை என்றதுமே கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நாளையிலேருந்து பால் வேணாம் தங்கச்சி" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் ஆகாதுன்னாரே, கேக்கலையாண்ணே?"

"எனக்குத் தெரியுது. குடிக்கிறவன் ஒத்துக்கணுமே."

வாடிக்கை வீடுகளும் நின்றன. தெருக்கோடியில் ஒருவர் குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு காமாலையில் செத்தார். என்னிடம் ஒரு சொட்டுப் பால் வாங்கியதில்லை. அவர் மனைவி என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. போய் மாட்டுத் தரகனைக் கூட்டி வந்தார். அந்த வெறுப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

"சினை மாடுங்க. வளக்கிறவங்களாப் பாத்துக் குடுங்க" என்றேன்.

"காமாலை மாட்டை எவன் வளப்பான்? அடிமாட்டுக்குத்தான்" என்றான் தரகன்.

லாரியில் ஏறமாட்டேன் என்று முன்னங்காலை ஊன்றி நின்றது. வாலை முறுக்கி ஏற்றினார்கள்.

சில வாரம் கழித்து டாக்டர் மறுபடி இரத்தம் எடுக்க வந்தார். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்தத் தெருவுல பாதி மாட்டுக்கு அது இருக்கும்மா!"

"பக்கத்து வூட்டு மாட்டுக்குமா?" டீக்கடைக்கு இப்போது அந்தப் பால்தான் போகிறது.

"அதுக்கும்தான். அவங்க கேக்கலை, நான் சொல்லலை."

"நாங்க வித்தது சினை மாடு சார்" என்று மட்டும் சொன்னேன்.

"ஐயையோ!" அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "தாய்கிட்டேருந்து கன்னுக்குப் போகுதான்னு பாத்திருக்கலாமேம்மா."