இடது காலின் மேல் கட்டிய பந்தயம்

கணுக்கால் சுளுக்கிய பிறகுதான் என் மேல் இந்த ஊருக்கு இத்தனை பாசம் இருப்பது எனக்குத் தெரிந்தது.

அதுவரை விடுதிக்கு எதிரே இருந்த சலூன்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. கண்டிக்குப் படிக்க வந்த தோட்டத்துப் பையன்களில் ஒருவன், அவ்வளவுதான். பயிற்சியில் இடது கால் மடங்கி விழுந்த மறுநாள் நான் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்து, அவரே வாசலுக்கு வந்துவிட்டார். "வாங்க தம்பி, இருந்துட்டுப் போங்க" என்று சுழல் கதிரையைத் துண்டால் தட்டினார். முடி வெட்டத் தேவையில்லாதவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் சலூன்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

கண்டிக் கல்லூரிகளுக்குள் கிரிக்கெட்டும் ரக்பியும்தான் பெரிய சங்கதி. அவற்றுக்குப் பந்தயம் கட்ட கார் வைத்திருப்பவர்கள் இருந்தார்கள். கூடைப்பந்து எங்கள் தெரு சலூனுக்கு மிஞ்சியது. பெரிய ஆட்டம் நெருங்கினால் முடி வெட்ட வந்தவனும் சும்மா பேப்பர் பார்க்க வந்தவனும் சேர்ந்து இரண்டு அணிகளையும் பிரித்து மேய்வார்கள். எதிர்க் கல்லூரியில் கூடைக்குக் கீழே ஓர் உயரமான பையன் நின்றான். எங்கள் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறவன் நான். பேச்சு ஒருவாறு முற்றியதும் சலூன்காரர் சவர்க்காரக் கட்டியை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் எழுதுவார், எங்கள் கல்லூரிக்குக் கட்டினால் ஒன்றுக்கு எத்தனை, அவர்களுக்குக் கட்டினால் எத்தனை என்று. சவரம் செய்யப் போகிறவன் தன் முகத்துக்குப் பக்கத்திலேயே அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

என் கால் மடங்கிய அன்று பின்னேரமே கண்ணாடியில் கணக்கு மாறிவிட்டது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. விழுந்ததைப் பத்துப் பேர் பார்த்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருந்தது. விடுதிக்குள் நான் காலில் சுற்றிய துணிக்கட்டை அவிழ்த்தால் வெளியே ஒரு விதமாக மாறும். இரவில் முனகினேன் என்றால் காலையில் வேறு விதமாக மாறும். யாரோ உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். சலூனுக்குப் போவது எதிரணிக்கும் போய்விடும். விடுதிச் சமையற்காரர் எனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தபோது, அந்த முட்டையை நான் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் அலவத்துகொடயிலிருந்து வந்த நண்பன் ஒருவன் இருந்தான். என்னோடு ஒரே அணியில் ஆடுபவன். சலூன் பேச்சில் அவன் குரல்தான் உயர்ந்து கேட்கும். ஆனால் ஒரு சதம்கூடக் கட்டமாட்டான்.

"பந்தயம் ஹராம் மச்சான். யாரு வெல்லுவான்னு சொல்றது ஹராம் இல்ல" என்பான்.

அதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கட்டாதவனுக்கு எதற்கு இத்தனை அக்கறை?

கால் உண்மையில் ஆறிவிட்டிருந்தது. அதை நான் பயிற்றுநரிடம்கூடச் சொல்லவில்லை. வெல்வதைவிட, என்னை விற்கிறவன் யார் என்று தெரிந்துகொள்வது எனக்கு முக்கியமாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு டவுனில் யாரை நம்பலாம் என்று தெரியாவிட்டால் படிப்பு இருந்து என்ன, பந்து இருந்து என்ன? ஆகவே நூல் விட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பொய். சலூன்காரரிடம், கால் பரவாயில்லை ஆனால் எம்பிக் குதிக்க முடியவில்லை என்றேன். நண்பனிடம், முதல் பாதியில் இறங்கமாட்டேன், இரண்டாம் பாதிக்குத்தான் வருவேன் என்றேன். எதிரணி எந்தப் பொய்க்கு ஏற்றபடி ஆடுகிறதோ அதைக் கேட்டவன்தான் ஆள். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள் அப்பா வந்தார்.

ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நான் விடுதிக்கு வந்ததிலிருந்து தீபாவளிக்குக் கூட்டிப்போக வந்ததைத் தவிர இந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வேலை நாளில் வந்து நின்றார். கையில் எண்ணெய்ப் போத்தல். டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாளை ஆட்டமும் பார்க்கப்போவதாகச் சொன்னார். அப்பாவுக்குக் கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் சீட்டாட்டம் நன்றாகத் தெரியும். தோட்டத்து லயத்து வீடுகளில் சம்பள நாளன்று அவரைத் தேடி அம்மா போய்க் கூட்டிவந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

"எந்தக் காலு?" என்றார்.

"இடதுப்பா."

"எந்தப் பக்கம் திரும்புனா வலிக்குது?"

சுளுக்கைப் பார்க்க வந்த யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தகப்பனையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன்.

"இடது பக்கம் திரும்பவே முடியலப்பா. அந்தப் பக்கம் காலு ஊனுனா உயிரு போகுது."

"அப்ப எதுக்குடா வெளயாடுற?"

"வெளயாடித்தான் ஆகணும்."

வேறெதுவும் கேட்காமல் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். வலிக்காத காலைத் தேய்க்கும்போது முகத்தைச் சுளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் புறப்பட்டதும் யன்னலுக்கு ஓடினேன். கேட்டைத் தாண்டியவர் நேரே தெருவைக் கடந்து சலூனுக்குப் போனார். சலூன்காரர் சீப்போடு வெளியே வந்தார். இருவரும் பேசினார்கள். சலூன்காரர் சீப்பால் மேட்டுப் பக்கம் காட்ட, அப்பா தலையாட்டிவிட்டு அந்த வழியாகவே நடந்தார். சொந்தக்காரர் வீடு அந்தப் பக்கம் இல்லை. நான் யன்னலை இழுத்துச் சாத்தினேன்.

மறுநாள் ஆட்டம் தொடங்கி மூன்று முறை பந்து என் கைக்கு வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. என்னை மறித்தவன் என் வலது பக்கத்தை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றான். இடது பக்கத்தைக் கதவு திறந்துவிட்டதுபோல விட்டிருந்தான். போ, போ, இடது பக்கம் போ என்று நெஞ்சால் தள்ளினான். நான் எம்பமாட்டேன் என்று அவர்கள் நினைக்கவில்லை. முதல் பாதியில் வரமாட்டேன் என்றும் நினைக்கவில்லை. சலூன்காரர் தப்பினார், நண்பன் தப்பினான். மூன்றாவது பொய்யை நான் ஒரேயொரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன்.

எல்லைக் கோட்டருகே குடையை மடித்துப் பிடித்தபடி அவர் நின்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. காட்டுகிறேன் பார் என்று இடது பக்கமே போனேன். இடது காலை ஊன்றி, இடது பக்கம் வெட்டி, கூடையில் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அப்பாவைப் பார்த்தேன். நான் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு முறை தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டிய காசு போகிறது, நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு சந்தோஷமாகவும் இவ்வளவு கேவலமாகவும் நான் ஒரு ஆட்டத்தை வென்றதில்லை.

ஆட்டம் முடிந்து பையன்கள் என்னைத் தூக்கி இறக்கிய பிறகு எதிரணிப் பயிற்றுநர் கை கொடுக்க வந்தார். யாழ்ப்பாணத்து ஆசிரியர்.

"தம்பி, உமக்கு இடது பக்கம் திரும்பேலாது எண்டெல்லோ உம்மட அப்பா சொன்னவர்" என்றார்.

"உங்ககிட்டயா சொன்னாரு?"

"ஓம். நேற்றுப் பின்னேரம் வழி கேட்டுக் கேட்டு என்ர வீட்டுக்கே வந்து நிண்டவர். உள்ள வாங்கோ எண்டாலும் வரேல்ல. பொடியனை அந்தப் பக்கம் மட்டும் தள்ளவேண்டாம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ ஐயா எண்டு கையெடுத்துக் கும்பிட்டவர்."

"நீங்க சொன்னீங்களா சேர்?"

"சொன்னனான், சொன்னனான்" என்று சிரித்துவிட்டுப் போனார். எதை, எப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

தோட்டத்தில் எந்தக் குறையானாலும் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்று கும்பிட்டுக் கேட்பதுதான் வழக்கம். துரையிடமும் அப்படித்தான், கங்காணியிடமும் அப்படித்தான். எதிரணிக்காரரிடம் போய் என் பிள்ளைக்கு இந்த இடத்தில் வலி, அங்கே அடிக்காதீர்கள் என்று சொல்லக்கூடாது என்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? சலூன்காரரின் சீப்பு காட்டியது இந்த ஆசிரியரின் வீட்டுக்கு வழி.

அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வென்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குனிந்து என் இடது காலைப் பிடித்தார்.

"ஏன்டா அந்தப் பக்கமே போன? எப்புடி வலிச்சிருக்கும்?"

வலிக்கவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நேற்றுச் சொன்னது என்ன என்று கேட்பார். ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று கேட்பார். எந்தப் பதிலைச் சொல்வது?

"வலிக்குதுப்பா" என்றேன்.

பஸ் நிலையம் வரை நொண்டினேன். என் பையை அப்பா தூக்கிக்கொண்டார், என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். சலூன்காரர் வாசலில் நின்று என் நொண்டலை உற்றுப் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கான கணக்கை அவர் அப்போதே மாற்றியிருப்பார்.

ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா யன்னலால் தலையை நீட்டி என்னைக் கிட்டே வரச் சொன்னார். சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். சம்பள நாளில் சீட்டுக்கட்டைக் கையில் வைத்திருக்கும்போதுகூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அந்த வாத்தியார நல்ல மனுசன்னு நெனச்சேன்டா. சொன்ன எடத்துலயே போட்டுத் தள்ளிட்டாங்க. இனிமே வலிச்சா யாருகிட்டயும் சொல்லாத. யாரையும் நம்பாத."

சரியென்று தலையாட்டினேன். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பஸ் மறையும்வரை நான் வலது காலில்தான் நின்றேன்.