ஜீப்பின் பின் சீட்டு

2005-ஆம் ஆண்டு மழைக்காலம். கம்பத்திலிருந்து மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூர், எர்ணாகுளம், மைசூர் என்று சுற்றி, கிடைத்த வேலையெல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. கேட்டால் சலிப்பு என்பேன். உண்மையில், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும், ஏதோ கெட்டது வரப்போகிறது என்று ஓயாமல் தோன்றும். உடனே பஸ் ஏறிவிடுவேன்.

அந்த வருஷம் அது மலைப்பாதையிலேயே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போய்விடும் என்று தோன்றியது. ஒருநாள் ரேடியேட்டரைப் பார்க்கிற சாக்கில் வண்டியை ஓரங்கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். இதயம் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் தேனிக்கு ஆஸ்பத்திரி போனேன். இதயம் நன்றாக இருந்தது. மனநல டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பதற்ற நோய், வைத்தியம் உண்டு என்றார். மாத்திரை எடுக்கலாம். அது பிடிபடச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் மந்தமாக இருக்கலாம், அவர் சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது. அல்லது வாரம் ஒருநாள் ஆலோசகரிடம் வந்து பேசிப் பழகலாம். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். யோசித்துச் சொல் என்றார்.

மாத்திரை என்றால் ஜீப் போகும். பேச்சு என்றால் வாரத்தில் ஒருநாள் பிழைப்பு போகும். எதுவானாலும் விஷயம் வெளியே தெரிந்தால், அந்தப் பெண்கள் அப்புறம் என் வண்டியில் ஏறவே மாட்டார்கள். எனக்குப் பழக்கமான வைத்தியம் பஸ்தான். மறுநாள் சாயங்காலம் இறங்கி வரும்போது, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன்.

எப்போதும் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் அக்கா, "யாரக் கூட்டிக்கிட்டு ஓடப் போற?" என்றார்.

அவர் விடாமல் துருவினார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டேன். உடனே பின்னாலிருந்து ஒரு குரல்: "இம்புட்டுதானா? அடிவாரத்து டீக்கடைக்காரர் மகளக் கூட்டிக்கிட்டு ஓடப் போறன்னுல்ல நெனச்சோம்."

சிரிப்பு அடங்க இரண்டு வளைவு ஆனது. அதன்பின் அடிவாரம் வரை என் வைத்தியம்தான் பேச்சு.

"மந்திரிச்சுக் கயிறு கட்டுனா நின்னுரும்."

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க. படபடப்பு வாரவளுக்குப் போயிரும்."

"பேசுறதுக்கு எதுக்குத் தேனி போகணும்? இங்கன நாம சும்மாதான பேசிக்கிட்டு வாரோம்."

"நீ பேசுற ஆத்தா. அவன் பேச இங்கன எடம் எங்க இருக்கு?" என்றார் முன் சீட்டு அக்கா.

அதிகம் பேசாத ஒருவர் அப்போதுதான் வாய் திறந்தார். "எங்க வீட்டுக்காரரும் அங்கனதான் போனாக. மாத்திரையும் சாப்பிட்டாக, பேசவும் போனாக. இப்பத் தேவல."

"அப்ப ரெண்டையும் பண்ணு," என்று முன் சீட்டு அக்கா தீர்ப்புச் சொன்னார். "அதுவரைக்கும் எங்க கூடக் காய் எடுக்க வா."

போனேன். ஜீப் முதலாளியின் தம்பி வண்டியை ஓட்ட, நான் பின் சீட்டில் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்தேன். தோட்டத்தில் செடிக்கடியில் குத்தவைத்துப் பழுத்த காயை மட்டும் பறிக்க வேண்டும். நான் பிஞ்சையும் சேர்த்துப் பறித்தேன். "கொழுந்தனாரே, செடியவாவது விட்டு வைங்க," என்று மதினி முறை கொண்டாடும் ஒருவர் கத்தினார். அட்டை கடித்தது, இடுப்பு விட்டுப்போனது, மாத்திரை சாப்பிட்டேன், தேனியில் வாராவாரம் பேசினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்ததும் அந்த நாட்களில்தான்.

ஒரு காலை, மலையேறும்போது எல்லோரும் கம்பியை இறுகப் பிடித்தபடி முழித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர், "இவரு வெட்டி வெட்டி ஒடிக்கிறாரு. ஒன் வண்டியிலன்னா இந்நேரம் ஒரு தூக்கம் போட்டிருப்போம்," என்றார்.

எனக்கு அது புதுச் செய்தி. மலையேறும்போது பின்னால் பேச்சு அடங்குவதைக் கேட்டு, நான் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்துதான் அடங்குகிறார்கள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாம் தெரிந்தவர்கள், இனி ஏறுவார்களா என்று இன்ஜினை அணைக்காமலே காத்திருந்தேன். அவர்கள் வழக்கம்போல் முன் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். முதல் வளைவில் பேச்சு குறைந்தது, மூன்றாவதில் நின்றே போனது. கண்ணாடியில் பார்த்தேன். ஒருவர் தோளில் ஒருவராகச் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டு அக்காவிடமிருந்து குறட்டை.

படபடப்பு இன்றும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. அப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டைத் தேடாமல், விஷயம் தெரிந்தும் என் வண்டியில் நிம்மதியாகத் தூங்கிய அந்த முகங்களை நினைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறேன்.