காட்டில் ஓடிய வீல்

காதை வீலின் மேல் படும்படி சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் தலையை ஆட்டுவார். மொண்ணையாகக் கேட்டால் உதட்டைப் பிதுக்கி, "உள்ளார கீறல் இருக்கு" என்று அடுத்ததற்கு நகர்வார். பழைய வீல் கடையின் எண்ணெய்த் தரையில் குந்தியிருக்கும் இவரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பெரிய மெக்கானிக் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள். உண்மையில் அவர் தொழில் மூக்குக் கண்ணாடி விற்பது.

எங்கள் தெருவில் அவருக்குக் காட்டான் என்று பெயர். அவரே வைத்துக்கொண்டதுதான். "நமக்கு இந்த டவுன் வாழ்க்கையெல்லாம் ஒத்து வராது சார். நான் ஒரு காட்டான்" என்று என்னிடம் சொன்னபோது, கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியால் செருப்பு வாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. எனவே எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறோம். தூறல் விழுந்தால் குடை தேடுவார். வாசலில் உட்காரும் முன் கொசு மருந்தைக் கணுக்கால் வரை தடவிக்கொள்வார். அந்த ரகக் காட்டான்.

அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். நிற்கிறது என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. அலாய் வீல் வாங்குவதற்கு முன்பே, அதில் இருந்த இரும்பு வீல்களை விற்றுவிட்டார். "அது இருந்தா மனசு அதுலயே நின்னுடும் சார்" என்றார். மனசு நகர்ந்தது, ஜீப் நகரவில்லை. அதன் முன்பக்கக் கம்பியில் அவர் மனைவி தலையணை உறைகளை உலர்த்தத் தொடங்கினார்.

அந்த அம்மாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். துருப்பிடித்த இரும்பு வீல் போட்ட அந்த வேன் ஏறி இறங்காத பள்ளம் இந்த வட்டாரத்தில் கிடையாது. காட்டானைக் கேட்டால், "அது சும்மா டிரிப் அடிக்கிற வண்டி சார், ஜீப் கதை வேற" என்பார்.

இதற்கிடையில் அம்மாளின் அண்ணன் ஊருக்கு வெளியே, தார்ச்சாலை முடிந்து சேறு தொடங்கும் இடத்துக்கும் அப்பால் வீடு கட்டிக் குடிபோனார். கோழித் தீவனம் ஏற்ற அந்த ஜீப் தனக்கு ஆகும் என்று தங்கையிடம் சொல்லியும் வைத்தார். அம்மாள் என் முன்னாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம அண்ணன் வீட்டுக்கு இந்த வண்டில போனா வண்டி நமக்கு. ஆட்டோல போனா வண்டி அண்ணனுக்கு." காட்டான் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அன்று முதல் வீல் கடைக்குத் துணையாக என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார்.

அவர் வீல் பார்க்கும் முறையில் குற்றம் சொல்ல முடியாது. போல்ட் துளை ஆறு இருக்கிறதா, துளைக்குத் துளை இடைவெளி சரியா, நடு ஓட்டை அச்சில் உட்காருமா என்று பார்ப்பார். வீல் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று அளப்பார். கணக்குத் தப்பினால் டயர் வெளியே துருத்தும், அல்லது உள்ளே உரசும். பின்புறம் பற்ற வைத்த தழும்பு உண்டா என்று டார்ச் அடிப்பார். கம்பியில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஆடுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். இத்தனையும் தேறி ஐந்து வீல்கள் வரிசையாக நின்றன. கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"வேணாம்" என்றார் காட்டான்.

"ஏன் சார்? எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"மூஞ்சி கழுவிட்டு வந்த மாதிரி இருக்கே. காட்டுல ஓடின தடம் வேணுங்க. பாறைல ஒரசின தழும்பு நாலு இருக்கணும். ஆனா உள்ள ஒடஞ்சிருக்கக் கூடாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மறுபடி போனபோது அதே ஐந்து வீல்கள் உடம்பெல்லாம் தழும்போடு நின்றன. "நேத்துதான் வந்துச்சு சார். காட்டுல ஓடின வீலு" என்றார் கடைக்காரர், முகத்தில் ஒரு கோடு அசையாமல். காட்டான் ஒவ்வொரு கீறலையும் விரலால் வருடினார். "பாருங்க சார், இது பாறை. இது ஆத்துல உருண்ட கல்லு." சுவரோரம் கம்பி பிரஷ்ஷும், வெள்ளித்தூள் ஒட்டிய அரைச் செங்கல்லும் கிடந்தன. நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் என் கையில் டீயைத் திணித்தார். மறுநாள் ஞாயிறு. அந்த மனிதர் கையைவிட்டு ஜீப் போவதைப் பார்க்க எனக்கும் தெம்பில்லை. பேசாமல் குடித்தேன்.

ஞாயிறு காலை ஜீப் சொந்தக் காலில் நின்றது. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னிக்கு ஜிப் வைத்த உறை. காட்டான் ஓட்ட, பக்கத்தில் அம்மாள், பின்னால் சாட்சியாக நான். ஒவ்வொரு வேகத்தடையிலும் கும்பிடு போடாத குறையாக ஏறி இறங்கி, தார் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். முன்னால் முழங்கால் சேறு.

"இங்கேருந்து நடந்துடலாமா? வீலு புதுசு."

"பழசுதான வாங்குனீங்க?"

"நமக்குப் புதுசு."

"நடந்து போனா வண்டி யாருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

காட்டான் ஸ்டியரிங்கைத் தடவினார். எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கு ஜீப்பை விடவும் மனமில்லை, சேற்றில் விடவும் மனமில்லை.

"தள்ளி உக்காருங்க" என்று அம்மாள் இறங்கிச் சுற்றி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். "நாலு சக்கரத்துக்கு எந்த கியரு?" காட்டான் சுண்டுவிரலால் காட்டினார். ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது. வீல் கடையில் செய்வது போலவே கண்ணை மூடி, காதைக் கதவுப் பக்கம் சாய்த்துக்கொண்டார் அவர். கல்லில் வீல் உரசும் ஒவ்வொரு சத்தத்துக்கும், "அய்யோ... பாத்து... அய்யோ" என்று முனகினார்.

வாசலில் வண்டி நின்றதும் அம்மாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அப்போதுதான் அண்ணன் வெளியே வந்து, சேறு அப்பிய வீல்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். "மாப்ள! இந்தச் சேத்துலயா ஓட்டிட்டு வந்தீங்க?"

"அவரையே கேளுண்ணா" என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார் அம்மாள்.

பழக்கதோஷத்தில் காட்டானின் கை மஞ்சள் துணியை உருவி வீல் வரைக்கும் போயிருந்தது. அண்ணன் கேட்டதும் அது அப்படியே நின்றது. துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க போங்க மச்சான், இதோ வந்துடறேன்" என்றார்.

அண்ணன் உள்ளே போனார். காட்டான் ஜீப்பின் பின்னால் வந்து, ஸ்டெப்னி உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்தார். ஐந்தாவது வீல் ஒரு பொட்டு அழுக்கில்லாமல், தழும்பு தெரிய மின்னியது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி, கீறல் கீறலாக அதன் மேல் பூசத் தொடங்கினார்.